எத்தனை வீசி எத்தனை விழுந்தது

தொலைக்காட்சியில் எந்த ஆட்டமானாலும் சரி, வர்ணனை செய்கிறவர் ஒரு அணியை "நல்ல அட்டாக்கிங் டீம்" என்று புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் மகன் பேசாமல் சத்தத்தைக் குறைத்துவிடுவான். எத்தனை வீசினார்கள், அதில் எத்தனை உள்ளே விழுந்தது என்று நான் கேட்கப் போகிறேன் என்பது அவனுக்குத் தெரியும். இந்தக் கேள்வியை, கேட்க வேண்டிய ஆளிடம், பதினாறு வயதில் ஒருமுறை நான் நேருக்கு நேர் கேட்டேன். அவர் சிரித்தார். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்தச் சிரிப்பின் மேல் எனக்குள்ள கோபம் ஒரு துளி குறையவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. இடுக்கி மலையில் பள்ளிவாசல் என்கிற ஊருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஹேண்ட்பால் ஆடினோம். கேரளத்துக்கு அந்த விளையாட்டு அப்போதுதான் வந்திருந்தது. எங்கள் டிரில் சார் லீவில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு, ஒரு பந்தோடும் ஆட்ட விதிகள் அடித்த நாலு தாளோடும் திரும்பி வந்தார். கையால் ஆடுகிற ஃபுட்பால் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஏழு பேர் வேண்டும். பெண்பிள்ளைகளில் ஓடத் தெரிந்தவர்களைப் பொறுக்கினார். உயரமாக இருந்ததாலும், பந்து முகத்தில் பட்டால் அழமாட்டேன் என்று வீறாப்பாகச் சொன்னதாலும் என்னைக் கோலில் நிறுத்தினார்.

மலையில் யாராவது மண்ணை வெட்டித் தள்ளினால்தான் சமதளம். எங்கள் மைதானத்தையும் அப்படித்தான் வெட்டியிருந்தார்கள். மேட்டுப் பக்கம் பள்ளிக்கூடத்தின் ஓட்டுக்கூரை. அங்கே கோல் வைத்தால் தவறுகிற பந்தெல்லாம் ஓட்டில் போய் விழும். ஒரு ஓடு உடைந்தாலும் தலைமையாசிரியர் பந்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். அதனால் கோலைப் பள்ளத்துப் பக்கம் நட்டோம். இரண்டு யூகலிப்டஸ் கம்பம், குறுக்கே ஒன்று. வலைக்குப் பதில் உரச்சாக்குகளைத் தைத்துப் பின்னால் தொங்கவிட்டோம். உள்ளே விழுகிற பந்தைச் சாக்கு தடுத்துக்கொள்ளும். வெளியே போகிற பந்து தேயிலைச் செடிகளுக்குள் புகுந்து, சரிவில் உருண்டு, ஓடை வரைக்கும் போகும்.

பந்து ஒன்றே ஒன்று. தவறவிட்டவள்தான் இறங்கிப் போய் எடுத்து வர வேண்டும். இது டிரில் சாரின் தாளில் இல்லை, நாங்களே வைத்துக்கொண்ட சட்டம். செடிக்கு இடையில் அட்டை ஏறும். சூப்பர்வைசர் பார்த்துவிட்டால் கொழுந்தை ஒடித்துவிட்டோம் என்று வண்டை வண்டையாகத் திட்டுவார். அவள் மேலே வரும் வரைக்கும் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். வந்ததும் ஆளுக்கு ஒரு பேச்சுப் பேசுவோம். மூடுபனி இறங்கிவிட்டால் அதோடு அன்றைய ஆட்டம் போச்சு. இப்படியே மூன்று வருஷம் ஆடினால் என்ன ஆகும்? விழும் என்று நிச்சயமாகத் தெரியாமல் யாரும் பந்தை வீச மாட்டோம். பாஸ், பாஸ், பாஸ், எங்காவது ஓர் இடைவெளி திறக்கும்வரை பாஸ். நானும் வருகிற பந்தை வெளியே தட்டிவிட மாட்டேன். நெஞ்சோடு அமுக்கிக் காலடியில் போட்டுக்கொள்வேன்.

எங்களில் கெட்டிக்காரி வலது ஓரத்தில், ரைட் விங்காக ஆடினவள். இடது கைக்காரி. அவளுடைய அம்மா கொழுந்து பறிக்கிறவர், அப்பா இல்லை. அவள் வீசுவது பார்க்க ஒன்றுமே இருக்காது. ஓடி வந்து எழும்புவாள், கையை ஓங்குவாள், வீச மாட்டாள். என் பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்று பார்ப்பாள். நான் ஒரு காலில் சாய்ந்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்த பிறகுதான் பந்து கையைவிட்டுப் போகும், அதுவும் மெதுவாக, மறு காலின் பக்கமாக. எனக்குத் தெரியும் அது எங்கே போகிறதென்று. தெரிந்து என்ன பிரயோசனம், உடம்பு திரும்ப வேண்டாமா? மூன்று வருஷம் அவள் எதிரில் நின்றவள் நான். அவளுடைய ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதி உள்ள ஆள் அன்றைக்குக் கேரளத்தில் இல்லை.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு, மாநில ஜூனியர் பெண்கள் அணிக்குத் தேர்வு என்று தாக்கல் வந்தது. எங்கள் ஜில்லாவில் வேறு அணியே இல்லாததால் இடுக்கி அணி என்றால் நாங்கள்தான். மாநில அணியில் ஆடின சர்டிபிகேட் இருந்தால் பத்துக்குப் பிந்திய இரண்டு வருஷப் படிப்புக்குக் காலேஜில் சீட்டு கிடைக்கும், ஹாஸ்டல், பீஸ் எதுவும் கட்ட வேண்டாம் என்று டிரில் சார் சொன்னார். எனக்கு அது இல்லாவிட்டாலும் நடந்திருக்கும். என் அப்பாவுக்கு மின்நிலையத்தில் நிரந்தர வேலை. அவளுக்கு வேறு வழி கிடையாது. அவளுடைய அம்மாவுக்கு மூட்டு வீங்கி மலையேற முடியாமல் ஆகிக்கொண்டிருந்தது. அம்மா வேலையை விட்டால் கொழுந்து பறிக்க மகள் பெயரைப் பதிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் எஸ்டேட் கொடுத்த லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்த அம்மா எங்கள் முன்னால்தான் அவளிடம் சொன்னார்.

"ஏட்டி, சீட்டும் சோறும் சும்மா கெடச்சா நீ படி. ரெண்டு வருசம் நான் பல்லக் கடிச்சிக்கிட்டுப் பாத்துக்கிடுதேன். கெடைக்கலன்னா மழைக்கு முந்தி பேரப் பதிஞ்சிரு. அதுக்கு மேல என் காலு தாங்காது."

அவள் சரி என்று தலையாட்டினாள்.

தேர்வு முகாம் கிழக்குப் பாலக்காட்டில், வடகரப்பதிப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில். கேரளத்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக, மறையூர் வழியாக இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். காலையில் ஸ்வெட்டரோடு பஸ் ஏறினோம். இறங்கும்போது பாவாடை சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. காற்று வேறு, புழுதியை வாரி வாரி முகத்தில் அடித்தது. மைதானத்தில் போய் நின்றோம். கண்ணுக்கு எட்டின தூரம் மட்டும் தட்டை. கோலுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால், அதற்கு அப்பால் அறுவடை முடிந்த சோளக்காடு. பந்து எங்கே போனாலும் கண்ணுக்குத் தெரியும். இங்கே ஆடினால் அட்டைக்கடியே இல்லை என்று எங்களில் ஒருத்தி சொன்னாள்.

பாலக்காட்டு அணியில் பாதிப்பேர் அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்கள். எங்களைப் போலவே தமிழ்தான், ஆனால் எல்லாவற்றிலும் ஒரு 'ங்க' சேர்ந்திருக்கும். அவர்களுடைய சென்டர் நல்ல உடம்புக்காரி, கையை ஓங்கினால் பந்து சீறிக்கொண்டு வரும். அவள்தான் எங்களிடம் முதலில் வந்து பேசினாள்.

"ஏனுங்க, ஒரே பந்து வெச்சுட்டா பழகுவீங்க? எங்கப்பாரு எங்க இஸ்கூலுக்கு நாலஞ்சு பந்து வாங்கிக் குடுத்திருக்காருங்க. ஆளுக்கொண்ணுன்னு கோலப் பாத்து எறிஞ்சிட்டே இருப்போமுங்க."

பெருமைக்காகச் சொல்லவில்லை, வெகுளியாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு நடந்ததெல்லாம் அந்த ஒரு பேச்சில் அடங்கிவிட்டது. கையில் நாலைந்து பந்து இருந்தால் தைரியம் தானாக வரும். ஒரே பந்து இருந்தால் நிதானம் வந்துதான் ஆக வேண்டும். இதில் ஒன்றை வீரம் என்றும் இன்னொன்றைப் பயம் என்றும் பேர் வைத்தார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் இரண்டு அணிகளுக்கும் ஆட்டம் வைத்தார்கள். தேர்வாளர்கள் மூன்று பேர் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் தலைவர் வெள்ளைத் தொப்பி போட்ட பருத்த ஆள், ஒரு காலத்தில் வாலிபால் ஆடினவர் என்று சொன்னார்கள்.

விசில் ஊதினதிலிருந்து பாலக்காட்டுப் பிள்ளைகள் வீசினார்கள். தூரத்திலிருந்து, ஓரத்திலிருந்து, எங்கள் ஆட்களின் தலைக்கு மேலே, கைக்கு அடியில், எங்கிருந்து வேண்டுமானாலும். கம்பத்துக்கு மேலே போனதுதான் அதிகம். நேராக வந்ததில் பெரும்பாலும் என் நெஞ்சுக்கே வந்தது, நான் ஒன்றும் பறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் வேடிக்கை பார்க்க வந்த ஊர் ஆட்கள் விசில் அடித்தார்கள், வாய்க்காலில் விழுந்த பந்துக்கும் சேர்த்து. பத்து வீசினதில் மூன்று விழுந்திருந்தால் அதிகம். எங்கள் ஆட்களோ பந்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் கூட்டத்துக்குக் கொட்டாவி வரவைத்தார்கள். இடைவெளி கிடைத்ததும் அவளிடம் போகும். அவள் எழும்புவாள், ஓங்குவாள், காத்திருப்பாள், வைப்பாள். ஆமாம், வைப்பாள் என்றுதான் சொல்ல வேண்டும். எதிர் கோல்கீப்பர் ஒவ்வொரு தடவையும் எதிர்ப்பக்கம் விழுந்து எழுந்தாள். ஒருவருக்கும் விசில் அடிக்கத் தோன்றவில்லை. கோல் கணக்கு மட்டும் சரிக்குச் சரியாக வந்துகொண்டே இருந்தது.

பாதி ஆட்டத்தில் பக்கம் மாறியாயிற்று, முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. சமநிலை. பந்து அவளிடம் வந்தது. காற்றோ, களைப்போ, புழுதி கண்ணில் விழுந்ததோ, இன்றுவரைக்கும் தெரியாது. அவள் வீசினது கம்பத்தை உரசி வெளியே போனது. அன்றைக்கு அவள் தவறவிட்டது அது ஒன்றுதான்.

போனது போகட்டும் என்று திரும்பி ஓடிவர வேண்டும். ஆனால் அவள் பந்துக்குப் பின்னால் ஓடினாள். தவறவிட்டவள்தான் எடுத்து வர வேண்டுமே, மூன்று வருஷமாக அவள் கால் அதைத்தானே பழகியிருக்கிறது? நான் கோலிலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன். காற்றில் அவளுக்குக் கேட்கவில்லை. வாய்க்காலைத் தாண்டி, சோளத்தட்டைக்குள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நடுவர் வேறொரு பந்தை எடுத்து அவர்கள் கோல்கீப்பரிடம் போட்டார். அவர்களிடம்தான் வேறு பந்து இருந்ததே. அடுத்த நொடி அவர்களுடைய சென்டர், ஆள் இல்லாத எங்கள் வலது பக்கமாக ஓடி வந்து, என்னை நேருக்கு நேர் பார்த்து வீசினாள். நான் தொட்டேன், பிடிக்க முடியவில்லை. விசில் ஊதிவிட்டார்கள். ஒரு கோலில் தோற்றோம்.

அவள் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள். சீக்கிரமாக எடுத்து வந்துவிட்ட நிம்மதி முகத்தில் தெரிந்தது. மைதானமே சிரித்துக்கொண்டிருந்தது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு எதையாவது போட்டு உடைக்க வேண்டும் போல இருக்கும்.

பாலக்காட்டு சென்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவளிடம் வந்து கேட்டாள்.

"போனாப் போவுதுங்க. அதையெதுக்குங்க நீங்க தொரத்தீட்டு ஓடுனீங்க?"

"எங்கூர்ல விட்டவதான் எடுக்கணும்," என்றாள் அவள்.

பெயர்களைச் சாயங்காலம் வாசித்தார்கள். பாலக்காட்டுச் சென்டர் இருந்தாள், அவளுடைய அணியில் இன்னும் சிலர் இருந்தார்கள், மற்ற ஜில்லாக்களில் இருந்தும் இருந்தார்கள். இடுக்கியிலிருந்து ஒரே பெயர், அது என் பெயர். இத்தனை ஷாட்டைத் தடுத்த கோல்கீப்பரை விட முடியுமா என்று தொப்பிக்காரர் என் முதுகில் தட்டினார்.

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. டிரில் சார் என் கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டுத் தொப்பிக்காரர் முன்னால் போய் நின்றேன்.

"சார், எங்க ரைட் விங்க ஏன் சார் எடுக்கல?"

அவர் மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். "மோளே, அந்த டீமுக்கு அட்டாக்கே இல்லையல்லோ. ஷாட் எடுக்கப் பேடி, பயம். எறிஞ்சாத்தானே கோல்?"

"அவங்க எத்தன எறிஞ்சாங்க, எத்தன விழுந்துச்சு சார்? இவ எத்தன எறிஞ்சா, எத்தன விழுந்துச்சு? அத யாராச்சும் பாத்தீங்களா?"

"ஓ, நீ கணக்கு டீச்சரோ?" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கேட்டார். பிறகு சிரித்தார். வயிறு குலுங்க, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே சிரித்தார். மற்ற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். "கிரவுண்ட் விட்டுப் பந்து பெறுக்கப் போகுந்ந குட்டியை நேஷனலுக்குக் கொண்டுபோனா, நம்மளைப் பாத்து ஆளுகள் சிரிக்கும்."

அவர்கள் வீசி வீசித் தவறவிட்டதால்தான் நான் பெரிய கோல்கீப்பராகத் தெரிந்தேன். அப்படித் தவறவிட்டதுதான் அவர்களுக்கு அட்டாக் என்று ஆனது. ஒரே பந்தைக் காட்டி எனக்கும் பரிசு, அவர்களுக்கும் பரிசு. தவறாமல் போட்ட ஒருத்திக்கு மட்டும் ஒன்றும் இல்லை. இதில் எந்த மூளை வேலை செய்தது என்று எனக்கு விளங்கவில்லை. டிரில் சார் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் மைதானம் எப்படிப்பட்டது, ஏன் அவள் ஓடினாள் என்று அவர் ஒருவரால்தான் அவர்களுக்குப் புரிகிற பாஷையில் சொல்லியிருக்க முடியும். போதும், வா என்றார். பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து, மறையூர் வரைக்கும் தூங்கினார், அல்லது தூங்குவது போல் இருந்தார். அவர் மேலும் எனக்குக் கோபம்தான்.

தேசியப் போட்டிக்கு நான் போகவில்லை என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றேன். அவளே வந்து என்னைக் கண்டபடி ஏசி அனுப்பி வைத்தாள்.

தேசியப் போட்டி வடக்கே ஓர் ஊரில். ரயிலில் போய் இறங்கினால் வெயில் தீயாக எரிந்தது. முதல் ஆட்டமே அந்தப் பக்கத்து மாநில அணியோடு. அந்த அணியின் ஆட்டத்தைப் பார்த்து நான் கோலில் அப்படியே நின்றுவிட்டேன். அவர்கள் அவசரப்படவில்லை. பாஸ், பாஸ், பாஸ். எங்கள் தடுப்பில் ஒரு ஆள் அரையடி நகர்ந்ததும் பந்து விங்குக்குப் போனது. அந்தப் பெண் எழும்பினாள், ஓங்கினாள், காத்திருந்தாள். நான் எந்தக் காலில் சாய்கிறேன் என்று பார்த்தாள். எனக்கு அது பழகின ஆட்டம் என்பதால் கொஞ்சம் தடுத்தேன். கொஞ்சம்தான். அந்தப் பக்கம் எங்கள் ஆட்கள் தூரத்திலிருந்து ஓங்கி ஓங்கி வீசினார்கள். பாலக்காட்டு சென்டரின் கை வீங்கியே போனது. அவர்களைவிட இரண்டு பங்கு வீசினோம். கோல் கணக்கு அவர்களுடையதில் பாதிகூட வரவில்லை.

தொப்பிக்காரர் மேனேஜராக எங்களோடு வந்திருந்தார். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது எங்களுக்குப் பாடம் எடுத்தார். "கண்டோ, அதாணு அட்டாக். ஒரு பந்து வேஸ்ட் ஆக்கினார்களா? எறியும்முன்னே யோசிக்கணும், மோளே."

நான் சப்பாத்தியைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்தேன். "எங்க ரைட் விங் இப்பிடித்தான் சார் போடுவா. நீங்கதான் சார் வேண்டான்னீங்க."

"ஏது ரைட் விங்?" என்று நெற்றியைச் சுருக்கினார். பிறகு ஞாபகம் வந்து முகம் மலர்ந்தது. "ஆ, பந்து பெறுக்கப் போன குட்டி." மறுபடியும் அதே சிரிப்பு. அவள் போட்ட ஒரு கோல்கூட அவருக்கு நினைவில்லை. பாலக்காட்டு சென்டர் வீங்கின கையை மடியில் வைத்துக்கொண்டு தட்டைப் பார்த்தபடி இருந்தாள். "அந்தக்கா இருந்திருந்தா நாம இப்பிடித் தோத்திருக்க மாட்டோமுங்க சார்," என்று மெல்லச் சொன்னாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ரசம் கிடைக்குமா என்று பரிமாறுகிறவனைக் கேட்டார்.

ஊர் திரும்பும்போது மழை பிடித்துவிட்டது. சர்டிபிகேட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவளைத் தேடிப் போனேன். லயன் வீட்டில் அவளுடைய அம்மா காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். மேலே தேயிலைக் காட்டில் நிற்கிறாள் என்றார். போன வாரம் பேர் பதிந்தாயிற்றாம்.

தலையில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு, முதுகில் கூடையோடு, கடைசி வரிசையில் நின்றிருந்தாள். புதுசு என்பதால் விரலெல்லாம் கீறியிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். நான் மூச்சுவிடாமல் சொன்னேன். அந்த அணி எப்படி ஆடினது, அந்தப் பெண் எப்படிக் காத்திருந்து போட்டாள், தொப்பிக்காரனே அதுதான் அட்டாக் என்று சொன்னான், நாம் ஆடினதுதான் சரியான ஆட்டம், அவன் முட்டாள், அவர்கள் எல்லாருமே முட்டாள்கள். அவளுக்கு ஒரு பெரிய பரிசைக் கொண்டுவந்து கொடுக்கிற மாதிரி எனக்கு இருந்தது.

அவள் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். முடிந்த பிறகு கை நின்றது.

"எனக்கு ஆட்டம் பத்தலன்னு நெனச்சுக்கிட்டு நான் பாட்டுக்கு வேலயப் பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றாள். "இத எதுக்குட்டி எங்கிட்ட வந்து சொன்ன?"